ஐந்தாம் விளைவுக்கு ஒரு கயிறு

தாத்யாசாகேப் ரணசுபே பொறியியல் கல்லூரியில் பண்ணைக்குட்டை வெட்டியது, மகாராஷ்டிரத்துச் சாங்லிக்குக் கிழக்கே கிணறுகள் எல்லாம் வறண்டு போன வருஷத்தில். ஊர்க் குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்தது. வராத ஆறு நாட்களிலும் கல்லூரி நீர் மேலாண்மை பற்றிக் கூட்டம் நடத்தியது.

மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்களுக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு பாடம் வந்திருந்தது. 'ஆற்றல், சுற்றுச்சூழல், நிலைத்த வேளாண்மை' என்று பெயர். அதை நடத்த யாரும் முன்வரவில்லை. பாலம் கட்டுவது பற்றி நடத்துகிறவர், தனக்கு மாடு கன்று பழக்கமில்லை என்றார். மண்ணியல் நடத்துகிறவர், தான் நடத்துவது கட்டடத்துக்குக் கீழே இருக்கும் மண், பயிருக்குக் கீழே இருப்பது வேறு மண் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கடைசியில் பாடம் உஜ்வலா தோர்வேயின் தலையில் வந்து விழுந்தது. அவள் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவள். மணிக்கணக்குக்காரர்களுக்கு மாட்டேன் என்று சொல்லும் வசதி இல்லை.

"உங்க அப்பா விவசாயிதானே மேடம்? அப்புறம் என்ன, ரத்தத்துலயே இருக்கு. சிலபஸை ஒரு தடவை புரட்டினாப் போதும்" என்றார் முதல்வர் டாக்டர் வாட்வே.

அவள் புரட்டினாள். பாடத்தைப் படித்து முடித்த மாணவனுக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று ஐந்து வரிகள் இருந்தன. அவற்றுக்கு விளைவுகள் என்று பெயர். ஐந்தாவது விளைவு இது: 'மாணவர்கள் நீர்நிலையின் விளிம்பில் நின்று நிலைத்த வேளாண்மையை உணர்வார்கள்.' உணர்ந்ததற்குச் சான்று புகைப்படம். படத்தின் மூலையில் இடமும் நாளும் மணியும் தானாகவே விழுந்திருக்க வேண்டும். அப்படி விழாத படத்தில் என்ன தெரிந்தாலும் அது நடக்காத காரியம் என்று தரச்சான்றுக் குழு விதி வைத்திருந்தது.

"நீர்நிலை எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள்.

முதல்வர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினார். கல்லூரித் தலைவர் தாத்யாசாகேப் தன் அப்பாவுக்கு வைத்த சிலைக்குப் பின்னால் பெரிய பள்ளம். பள்ளம் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். வெயிலில் அது எண்ணெய் பூசியது போல மின்னியது.

உஜ்வலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழகா இருக்கில்ல?" என்றார் முதல்வர்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் தம்பி தனாஜி, வீட்டுப் பண்ணைக்குட்டையில் பம்புக் குழாயின் அடிமுனை ஃபுட் வால்வில் அடைத்திருந்த பாசியை எடுக்க இறங்கினான். கிருஷ்ணா நதியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போய், அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறவன் அவன். நீச்சல் தெரியாமல் அவன் சாகவில்லை. பிளாஸ்டிக் சரிவில் கால் நிற்காது, பிடிக்க ஒன்றும் இருக்காது. ஏறினால் வழுக்கும், மறுபடி ஏறினால் மறுபடி வழுக்கும். தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது பாசி படிந்த விரிப்பில் விரல் கோடுகள் இருந்தன. நான்கு பக்கமும் இருந்தன. அதை உஜ்வலாதான் பார்த்தாள். அம்மாவைக் கிட்டே விடவில்லை. பிறகு அப்பா அந்தக் குட்டைக்குக் குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதில் லாரி டியூப் இரண்டைக் கோத்துவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

கல்லூரிக் குட்டையில் தண்ணீர் இல்லாதவரை அவளுக்கு ஓரளவு தூக்கம் வந்தது. மார்ச் மாதம் தரச்சான்றுக் குழு வருகிறது என்று தெரிந்ததும், லாரி லாரியாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. பன்னிரண்டு மைல் தள்ளி ஓர் ஊரில், குடிக்க வைத்திருந்த கிணற்றிலிருந்து வந்தது. மாணவர்கள் வகுப்பு ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணினார்கள்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்று எழுந்தான் கிருஷ்ணாத் பாட்டீல். கடைசி பெஞ்சுக்காரன், வீட்டில் நான்கு எருமை. "ஒரு லிட்டர் தண்ணியைச் சேமிக்க எத்தனை லிட்டர் டீசல் எரிக்கணும்? பரீட்சையில வருமா?"

"உட்காருடா. ஆற்றல் பாடம் போன வாரமே முடிஞ்சிடுச்சு. இது நீர் பாடம்" என்றாள் முன் பெஞ்சு ப்ரணாலி. வகுப்பு சிரித்தது.

"சரி, சோலார் பம்பு?"

அதற்கு உஜ்வலாவும் சிரித்துவிட்டாள். சோலார் தகட்டை சிலைக்கு நேர் பின்னால் பொருத்தியிருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை தாத்யாசாகேபின் அப்பா தன் நிழலை அதன்மேல் போட்டுக்கொண்டு நின்றார். தகட்டை நகர்த்தலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, பெரியவருக்கு முதுகு காட்டாத இடம் வளாகத்தில் அது ஒன்றுதான் என்று பதில் வந்தது.

"மேடம், இன்னொண்ணு" என்றான் கிருஷ்ணாத். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "குட்டைச் சரிவு ஓர் அடி ஆழத்துக்கு ஒண்ணரை அடி அகலம்னு எங்க நோட்டுல எழுதவெச்சீங்க. நான் டேப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுக்கு ஒண்ணுதான் இருக்கு. செங்குத்து மாதிரி நிக்குது. உள்ள பதினஞ்சு அடி."

"நீ விளிம்புக்குப் போனியா?" அவள் கத்தினாள். "யாரைக் கேட்டுப் போன?"

மேடம் இப்படிக் கத்தி வகுப்பு கேட்டதில்லை.

அன்று அவள் ஒரு கடிதம் எழுதினாள். குட்டையின் குறுக்கே ஒரு கயிறு வேண்டும், சுற்றிலும் வேலி வேண்டும் என்று இரண்டே வரி. வேலி படத்தில் விழும் என்பதால் அந்த வரியை முதல் மேஜையிலேயே அடித்துவிட்டார்கள். கயிறு மட்டும் பயணம் போனது. தர உறுதிப் பிரிவு, கயிறு எந்த விளைவின் கீழ் வருகிறது என்று கேட்டது. ஐந்து என்று எழுதினாள். உணர்வதற்குக் கயிறு எதற்கு என்று திருப்பி அனுப்பினார்கள். கொள்முதல் பிரிவுக்கு வேறு குழப்பம். கயிறு கருவி என்றால் அளவுச் சான்றிதழ் வேண்டும். செலவாகும் பொருள் என்றால் எந்தத் தேதியில் செலவாகும் என்று சொல்ல வேண்டும். பாதுகாப்புக் குழு, இதுவரை விபத்து ஏதும் நடக்காததால் தேவை நிரூபணமாகவில்லை, முதல் விபத்துக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்று தீர்மானம் போட்டது. அந்தக் குழுவில் இருந்தது டாக்டர் வாட்வே ஒருவர் மட்டுமே. ஆகவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அவள் நேரில் போய் நின்றாள். "சார், அபாயம் சார் அது."

"அபாயம்னு எழுதாதீங்க மேடம். சவால்னு எழுதுங்க. குழுவுக்குச் சவால்னா பிடிக்கும்."

"என் தம்பி சார்..."

"தெரியும், கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்." அவர் உண்மையாகவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனாலதான் இந்தப் பாடத்தை உங்களுக்குக் கொடுத்தோம். அனுபவம் உள்ளவங்க நடத்தினா குழுகிட்ட மதிப்பெண் கூட."

கடைசியில் கயிறு கொடுத்தது தத்து மாமா. கல்லூரியில் முப்பது வருஷமாகப் பியூன். விளையாட்டு அறையின் சாவி அவரிடம் இருந்தது. வருஷாவருஷம் கயிறு இழுக்கும் போட்டிக்கு எடுக்கிற தடித்த வடம், உள்ளே சுருண்டு கிடந்தது.

"எடுத்துட்டுப் போம்மா. கேட்டா எலி இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்றேன்."

"இவ்வளவு பெரிய வடத்தையா மாமா?"

"இந்தக் காலேஜ்ல எலி எதைத்தான் இழுக்கல?"

வடத்தைச் சிலையின் பீடத்துக் கம்பியில் கட்டி விளிம்பில் சுருட்டி வைத்தார்கள். மறுநாள் காலை முதல்வர் பார்த்துவிட்டார். பச்சை, நீலம், கறுப்பு மட்டுமே வரவேண்டிய படத்தில் இது என்ன அழுக்குப் பாம்பு என்று கேட்டு, எடுத்து எறியச் சொன்னார். உஜ்வலா அதை எறியாமல் வகுப்பறையில் ஒளித்து வைத்தாள். அன்று மாலை, வரவேற்பு அலங்காரத்துக்காகப் பூக்காரர் சாமந்தி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் ப்ரணாலியையும் இன்னும் பத்துப் பெண்களையும் உட்காரவைத்து, வடத்தைச் சுற்றிச் சுற்றி சாமந்தியைக் கட்டவைத்தாள். கயிற்றில் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. குட்டையின் விளிம்பு முழுக்கக் கனமான ஒரு மாலை.

முதல்வர் வந்து பார்த்தார். "இப்பத்தான் மேடம், நீங்க பாடத்தைப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்றார்.

குழு வந்தது. தலைவர் பேராசிரியர் திரிவேதி வடக்கிலிருந்து வந்தவர், பாசனத்தில் பெரிய பெயர் எடுத்தவர். அவருக்கும் தாத்யாசாகேபுக்கும் காவி நிறத் தலைப்பாகை கட்டினார்கள். சால்வை, தேங்காய், புரண்போளி எல்லாம் முறைப்படி நடந்தது. தண்ணீர் நிறைந்தால் ஜல பூஜை செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். அணைக்கட்டானாலும் குட்டையானாலும், அந்த இடத்துப் பெரிய மனிதர் விளிம்புக்குப் போய்த் தண்ணீருக்குச் சேலையும் ரவிக்கைத் துணியும் தேங்காயும் விட வேண்டும். லாரித் தண்ணீருக்கு உண்டா என்று தத்து மாமா கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

பூஜைக்காக, பிளாஸ்டிக் சரிவின்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அது தண்ணீர்வரை இறங்கியது. கம்பளத்தின் மேல்முனையை இரண்டு பூந்தொட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

உஜ்வலா தொட்டிகளைப் பார்த்தாள். "சார், கம்பளம் நிக்காது" என்று முதல்வரிடம் கிசுகிசுத்தாள்.

"உஷ். பேசறார்."

தாத்யாசாகேப் பேசினார். "விவசாயியோட பிள்ளைங்களுக்கு விவசாயம் தெரியணும்னுதான் தில்லியிலிருந்து பாடத்திட்டம் வரவழைச்சோம். என் கரும்புக்குக் கால்வாய்த் தண்ணி வருஷம் முழுக்க நிக்காம வருது. அதனால தண்ணியோட அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? வர்ற வழியில கிணத்தடியில பொம்பளைங்க குடத்தோட வரிசையில நிக்கறதைப் பார்த்தேன். என்ன ஒழுங்கு! என்ன பொறுமை! வறட்சி மட்டும் இல்லைன்னா நம்ம ஜனங்க இந்த ஒழுங்கை எங்க கத்துக்குவாங்க? வறட்சியைக் காப்பாத்தணும்!"

கைதட்டல் அடங்கியதும், தேங்காயை ஏந்திக்கொண்டு கம்பளத்தில் காலை வைத்தார். மரியாதைக்குத் திரிவேதியும் கூட இறங்கினார். இரண்டாவது அடியில் கம்பளம் புறப்பட்டது. அவசரம் எதுவும் இல்லாமல், தட்டில் வைத்து நீட்டுவது போல, இருவரையும் தண்ணீரிடம் கொடுத்தது. பின்னாலேயே பூந்தொட்டிகளும் போயின.

இரண்டு தலைப்பாகைகள் மிதந்தன. சிறிது தள்ளி இரண்டு தலைகள் வந்தன. திரிவேதி சரிவில் கையை ஊன்றினார். கை வழுக்கியது. மறுபடி ஊன்றினார். மறுபடி வழுக்கியது. ஈரமான பிளாஸ்டிக்கில் ஐந்து விரல் கோடுகள் விழுந்தன.

உஜ்வலா அந்தக் கோடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கிருஷ்ணாத் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பற்றினாள். "இறங்காதே! யாரும் இறங்கக்கூடாது! இறங்கினா ரெண்டு பேரு மூணு பேராவாங்க!"

"எனக்கு நீச்சல் தெரியும் மேடம்!"

"அவனுக்கும் தெரியும்டா!"

அவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். அவள் குனிந்து சாமந்தி மாலையை வாரித் தூக்கினாள்.

"மேடம், அலங்காரத்தைக் கலைக்காதீங்க!" என்று கூவினார் முதல்வர்.

மாலை காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்தது. திரிவேதி அதை அக்குளில் சுற்றிக்கொண்டு, தாத்யாசாகேபின் கோட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் கயிறு இழுக்கும் போட்டியில் வருஷாவருஷம் மெக்கானிக்கல் பிரிவைத் தோற்கடிக்கும் சிவில் பிரிவு. தத்து மாமா எண்ண, அறுபத்து நான்கு பேரும் இழுத்தார்கள். சாமந்தி உதிர உதிர இரண்டு பெரிய மனிதர்கள் வெளியே வந்தார்கள். தாத்யாசாகேப் தேங்காயை விடவே இல்லை.

மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "படம் எடுத்தீங்களா?"

எடுத்திருந்தார்கள். ஆனால் போனில் அல்ல, கேமராவில். கேமராப் படத்தின் மூலையில் இடமும் மணியும் விழாது.

பத்து நாளில் குழுவின் அறிக்கை வந்தது. கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம். 'நிறுவனத் தலைவரே நீர்நிலையில் முழுமையாக ஈடுபட்டுக் கற்பிக்கும் முறை, குழு வேறெங்கும் காணாதது.' கீழே ஒரு குறிப்பு: ஐந்தாம் விளைவுக்கான சான்றை இடம், நாள், மணியுடன் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பவும்.

கல்லூரி நன்றி மறக்கவில்லை. வடத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. மேடையில் ஒரு நாற்காலியில் வடத்தைச் சுருட்டி உட்காரவைத்து, சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்தார்கள். பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டித் தாத்யாசாகேபின் அறையில் மாட்டினார்கள். 'இக்கல்லூரியின் தொலைநோக்கு' என்று பித்தளையில் எழுதியிருந்தது.

மறுநாள் உஜ்வலாவின் மேஜைக்கு ஓர் உத்தரவு வந்தது. வரும் திங்களன்று ஐந்தாம் விளைவின் மறுநிகழ்வு. மாணவர்கள் நால்வர் நால்வராக விளிம்பில் இறங்கி நிற்க வேண்டும். நால்வரில் ஒருவர் இடுப்பளவு நீரில்.

அவள் ஓடினாள். "சார், அந்தக் குட்டையில இடுப்பளவே கிடையாது! கால் வெச்சா நேரா பதினஞ்சு அடி!"

முதல்வர் யோசித்தார். பேனாவை எடுத்தார். "அப்போ கழுத்தளவுன்னு போட்டுக்கலாம்."

தாத்யாசாகேபிடம் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். "உன்னாலதான் இன்னிக்கு நான் இருக்கேன் மகளே. எது வேணும்னாலும் கேளு."

"அந்தக் கயிறு சாகேப். திங்கட்கிழமைக்கு மட்டும்."

அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வலி தெரிந்தது. "அது இப்போ கயிறு இல்லம்மா, சின்னம். சின்னத்தைப் போய் ஈரமாக்கலாமா?"

வேலையை விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். விட்டால், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து யாரையாவது போடுவார்கள். பிள்ளைகள் திங்களன்று இறங்கத்தான் போகிறார்கள். கூட நிற்கிறவர் அந்த விரல் கோடுகளைப் பார்த்திராதவராக இருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு காலை, அம்மா சோள மாவில் பாக்ரி தட்டிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். தாத்யாசாகேப் தேங்காயோடு வெளியே வந்ததைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். மூன்று வருஷத்தில் அது முதல் சிரிப்பு. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். உஜ்வலா பின்னால் போய்ப் பார்த்தபோது, வீட்டுக் குட்டையின் ஓரத்தில் குந்தி, முளையிலிருந்து அப்பாவின் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது இங்க வேணும்."

"முடிச்சு இறுகிக் கிடக்கு. அந்தப் பக்கம் பிடி."

"அம்மா!"

"கொண்டு போடி. இங்க விழறதுக்கு இனி யாரு இருக்கா?"

டியூப் இரண்டையும் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு, திங்களன்று காலையிலேயே உஜ்வலா கல்லூரிக்குப் போனாள். தத்து மாமாவும் கிருஷ்ணாத்தும் குட்டையின் குறுக்கே கயிற்றைக் கட்டினார்கள். விளிம்பில் ஒரு கால் வைக்கும் முன்பே கையில் கயிறு இருக்க வேண்டும் என்றாள். கழுத்தளவில் யாரும் இறங்கவில்லை. கழுத்தளவு வேண்டும் என்றால் முதலில் தானே இறங்குவதாக, முதல்வரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எந்த விளைவிலும் ஆசிரியர் பற்றிய வரி இல்லாததால் அவர் பேனாவை எடுத்துக் கழுத்தளவை அடித்துவிட்டார். பதினாறு படங்கள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் இடம், நாள், மணி, குறுக்கே ஒரு பழைய நீலக் கயிறு.

வேலை முடிந்ததும் கிளம்பப் போனவர்களை அவள் நிறுத்தினாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து மறுபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்.

"மேடம், காலையிலயே எடுத்தாச்சே!" என்றான் ஒருவன்.

"பேசாம நில்லுடா" என்றான் கிருஷ்ணாத்.

அவள் நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டாள். அறுபத்து நான்காவது பெயருக்கும் குரல் வந்த பிறகுதான் பேனாவை மூடினாள்.

வியாழனன்று ஒரு குறிப்பாணை வந்தது. ஒரே வகுப்புக்கு இருமுறை வருகைப் பதிவு எடுத்தது விதிமீறல், மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை. உஜ்வலா அதன் கீழேயே எழுதினாள்: 'முதலில் வந்தவர்களை எண்ணினேன். பிறகு திரும்பிப் போகிறவர்களை எண்ணினேன்.'

ஒரு வாரம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் டாக்டர் வாட்வேயின் கையெழுத்து: 'இரண்டாவது எண்ணிக்கை எந்த விளைவின் கீழ் வருகிறது?'